கருக்காக்குறிச்சிப் புதையலும் வெட்டுண்ட பேரரசர் முகங்களும்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த கருக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டு 501 உரோமானியப் பொற்காசுகள் அடங்கிய புதையல் கிடைத்தது. ‘ஔரியஸ்’ எனப்படும் இக்காசுகள் அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் (கி.பி. 69–79) வரையிலான காலத்தன. அவ்வாண்டிலேயே ஜி.எஃப். ஹில் இவற்றைப் பற்றி எழுதினார். பத்தில் ஒன்பது பங்கிற்கும் மேற்பட்ட காசுகளில் முன்பக்கத் தலையின் குறுக்கே உளிவெட்டு காணப்படுவதே இப்புதையலின் தனித்தன்மை.

உரோமில் காசு ஆட்சியின் அறிவிப்பாகவும் விளங்கியது. அகஸ்டஸ் காசொன்றின் பின்பக்கத்தில் அவர் வாரிசுகளாகக் கருதிய காயஸும் லூசியஸும் கேடயங்களோடும் ஈட்டிகளோடும் நிற்கின்றனர். கிளாடியஸ் காசொன்றில் பிரித்தானிய வெற்றியைக் குறிக்கும் வளைவு இடம்பெறுகிறது. அடுத்து ஆள்பவர் யார், எந்நாடு பணிந்தது என்பன இவ்வாறு கைக்குக் கை சென்றன. இலத்தீன் அறியாத தமிழக வணிகருக்கு இச்செய்திகள் எட்டியிருத்தல் அரிது. யவனர் கலங்கள் முசிறிக்குப் பொன் கொணர்ந்து மிளகு ஏற்றிச் சென்றதைக் கூறும் அகநானூற்று 149ஆம் பாடலும் பொன்னைப் பேசுகிறதேயன்றி அதன்மேல் பொறித்த உருவத்தைப் பேசவில்லை.

அவ்வாறாயின் முகத்தை வெட்டியது ஏன்? உட்பகுதி பொன்தானா என்று சோதிக்கவே வெட்டினர் என்பது ஒரு கருத்து. காசின் புடைப்பு மிக்க பகுதி தலையே என்பதால் இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும் சோதனைக்கு விளிம்பில் ஒரு கீறலே போதும். தேய்ந்த காசுகளைப் புழக்கத்திலிருந்து நீக்கவே வெட்டினர் என்ற ஹில்லின் விளக்கம் வலுவானது. இதிலிருந்து பெறப்படும் ஒரு முடிவு போதிய கவனம் பெறவில்லை. எடைக்கு மட்டுமே மதிக்கப்படும் பொன்துண்டைச் செல்லாததாக்க வேண்டிய தேவையில்லை. செல்லாததாக்கினர் எனில், வெட்டுவதற்கு முன்பு அம்முகத்தைக் கண்டே, நிறுக்காமல், காசை ஏற்ற வழக்கம் ஏதோவொரு வணிக வட்டத்திலேனும் இருந்திருத்தல் வேண்டும். பேரரசர் யாரென அறியாதோர்க்கும் அவர் முகம் எடைக்கான உறுதிமொழியாக இருந்துள்ளது. எனவே இவ்வெட்டை உரோம ஆட்சிக்கு எதிரான அவமதிப்பாகக் கொள்வதற்கு இடமில்லை.

அணிகலனாக்கத் துளையிடப்பட்ட உரோமானியக் காசுகளும் தென்னிந்தியாவில் கிடைத்துள்ளன. அவற்றுட் பலவற்றில் துளை தலைக்கு மேலே அமைந்துள்ளது. கழுத்தில் தொங்கும்போது முகம் நிமிர்ந்தே நிற்கும்.