திரும்பி வந்த குடும்பம்

பரதேசத்தில் நெடுங்காலம் வாழ்ந்த குடும்பம் ஒன்று தாய்நாடு வந்து சேர்ந்துவிட்டால், அதன் கஷ்டங்கள் அன்றோடு தீர்ந்தன என்று நாம் எண்ணிவிடுகிறோம். இது பெரும் பிழை. நாலைந்து வருஷம் அயல் தேசத்தில் உத்தியோகம் பார்த்துத் திரும்பும் அமெரிக்கக் குடும்பங்களின் குழந்தைகளுக்குச் சொந்த ஊரே அந்நியமாகத் தோன்றுகிறதென்று அந்நாட்டு அறிஞர்கள் நூல்கள் எழுதியிருக்கிறார்கள். கையில் பணமும், ஏறி அமர வீடும் உள்ளவர்கள் கதி இதுவானால், மூன்று நான்கு தலைமுறை கழித்து வெறுங்கையோடு வந்த நம்மவர்கள் கதி என்ன?

விழுப்புரமும் திண்டிவனமும் முன்னாள் தென் ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்தவை. ஏரித் தண்ணீரையும் மானாவாரி மணிலாவையும் நம்பிய சீமை இது. சென்னை மாகாணத்தின் இத்தகைய ஜில்லாக்களில் மழை பொய்த்தால் கடன். கடன் முற்றினால் கப்பல். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் எண்ணற்றோரைக் கடல் கடக்கச் செய்தது. கங்காணியின் வாக்கை நம்பி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர் பலர். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர் பலர். காட்டை அழித்துத் தேயிலை வளர்த்ததும், ஐராவதிக் கரையில் நெல் அறுத்ததும் அவர்கள் கைகளே.

உழைத்த நாடு அவர்களை வைத்துக்கொண்டதா? இலங்கையின் 1948-ம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 அக்டோபர் 30-ந் தேதி ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்கள் பங்கிடப்பட்டார்கள். மீதியிருந்த 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பங்கிடப்பட்டவர்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. பர்மாவிலோ, 1964-ல் கடைகள் தேசியமயமாயின. அவ்வருஷமே ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டன. வாழ்நாள் சேமிப்பை இழந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் தமிழகம் வந்தார்கள். இலங்கையிலிருந்து பின்னர் வந்தவர்களோ நான்கு லட்சத்துக்கும் மேல்.

சென்னைத் துறைமுகத்தில் இறங்கி ரயிலில் தெற்கே போனவர்களும், ராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் தங்கிச் சென்னைப் பக்கம் வந்தவர்களும் கடந்த ஜங்ஷன் விழுப்புரம். அங்கே இறங்கித் திண்டிவனத்துக்கு அருகே பாட்டனார் சொல்லிவைத்த ஒரு கிராமத்தைத் தேடிப் போகும் குடும்பத்தை நேயர்கள் மனத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டுகிறோம். முதல் நாள் பங்காளிகள் கண்ணீர் விட்டு வரவேற்பார்கள். மூன்றாம் நாள், "நிலத்தில் பாகம் கேட்க வந்தானோ?" என்ற சந்தேகம் முளைக்கும். லயத்தில் பிறந்து, விடியுமுன் பெரட்டுக்குப் போய், குளிர்ந்த மலைச்சரிவில் கொழுந்து கிள்ளிய பெண், இங்கே சித்திரை வெய்யிலில் மணிலாச் செடி பிடுங்க வேண்டும். அவள் பேச்சைக் கேட்டுச் சிறுவர்கள் நகைப்பார்கள். இலங்கையில் "இந்தியாக்காரி" என்று ஏசப்பட்டவள், இங்கே "சிலோன்காரி" ஆகிறாள். பெயர் சொல்லி அழைக்கும் ஊர் அவளுக்கு எங்கே இருக்கிறது?

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். தொழில் கடன் கொடுத்தார்கள். வீட்டுக்கும் கடன் கொடுத்தார்கள். நீலகிரியில் 1968-ல் இவர்களுக்கென்றே அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கினார்கள். அங்கே போனவர்களுக்குத் துன்பம் இல்லாமல் இல்லை. ஆயினும் கை அறிந்த தொழில் கிடைத்தது. சமவெளிக்கு வந்தவர்களில் பலருக்கோ கடன் மட்டுமே கிடைத்தது. வியாபாரமே அறியாத தோட்டத் தொழிலாளியின் கையில் கடைக்கென்று பணத்தைக் கொடுத்தால், அது எத்தனை மாதம் நிற்கும்? பர்மாவில் வியாபாரம் செய்து பழகியவர்களில் பலர் சென்னையில் நடைபாதைக் கடை போட்டுப் பிழைத்தார்கள். பர்மா பஜார் அதற்குச் சாட்சி. தொழில் அறிந்து உதவுவது வேறு, தொகை கொடுத்துக் கணக்கை மூடுவது வேறு என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

காகிதத்தின் கொடுமை இன்னொன்று. ஜாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்குப் போனால், பாட்டனார் ஊருக்கு ருசு கேட்கிறார்கள். இது இம்மக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை. பஞ்சத்துக்கு ஓடியவன் பத்திரம் எடுத்துக்கொண்டா ஓடினான்? இல்லாத சாட்சியைக் கேட்பது விசாரணையாகாது என்பது வக்கீல் தொழிலில் பழகிய நமக்குத் தெரியும். விழுப்புரம் ஜில்லாவிலேயே கீழ்ப்புதுப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இன்றும் இருக்கிறது. 2021-ல் இத்தகைய முகாம்களுக்கு "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றினார்கள். பெயர் நல்ல பெயர்தான். 1983-க்குப் பின் தமிழக முகாம்களுக்கு வந்தவர்களில் இந்திய வம்சாவளியினரும் உண்டு. அத்தகையோரின் குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்குமாறு 2019-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பணித்தது. முகாமில் பிறந்த குழந்தை முகாமிலேயே பிள்ளை பெறும் நிலை நீடிக்குமானால், புதிய பெயரால் பயன் என்ன?

தேச சேவையில் ஈடுபட்டிருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்காரிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம்: தொழிலுக்கு ஏற்ற உதவி, தாமதமில்லாத சான்றிதழ், குடியுரிமை மனுக்களின் மீது விரைவில் முடிவு. ஆனால் "சிலோன்காரர்", "பர்மாக்காரர்" என்ற பட்டத்தை நீக்க எந்தச் சட்டசபையாலும் ஆகாது. அதை நம் தெருவில் நாமே நீக்க வேண்டும். உங்கள் ஊரில் அப்படி அழைக்கப்படும் குடும்பம் இருந்தால், இன்றே அவ்வீட்டுக்குப் போங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் எழுதிக் கொடுங்கள். தாலுகா ஆபீசுக்குக் கூடவே போங்கள். ஊர்க்கூட்டத்தில் அவர்களை முன்வரிசையில் உட்காரச் செய்யுங்கள். அவர்கள் நம்மிடம் விருந்தாட வரவில்லை. தங்கள் சொந்த வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். கதவைத் திறப்பது நம் கடமை.