முற்றத்துத் தண்ணீருக்கு முதலில் வழி... மேட்டுப்பாத்தி அதற்கப்புறம்!

பள்ளிப்பட்டு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ‘எங்கள் வீட்டு முற்றம் 20 அடிக்கு 15 அடி. பாதி சிமென்ட், பாதி மண். மழை பெய்தால் இரண்டு நாளைக்குத் தண்ணீர் நிற்கிறது. மேட்டுப்பாத்தி எடுத்து கீரையும் கத்தரியும் வைக்கலாம் என்கிறேன் நான். மொத்தமாக சிமென்ட் போட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். எது சரி?’

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி இருக்கிறது அம்மா. ஆனால், இரண்டையும் தப்பாகச் செய்தவன் நான். அதனால் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

ஊருக்கெல்லாம் தோட்டம் போடச் சொல்கிற வேளாண்மை அலுவலர் வீட்டில் தோட்டம் இல்லையே என்று, சில வருடங்களுக்கு முன்பு சமையலறைச் சுவரை ஒட்டி 2 அடி உயரத்துக்கு மண்ணைக் கொட்டிப் பாத்தி எடுத்தேன். குழாய் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் ஊற்ற வசதி என்று கணக்கு. மீதி முற்றத்துக்கு சிமென்ட் போட்டேன். ‘வாட்டம் எந்தப் பக்கம் சார்?’ என்று கொத்தனார் கேட்டார். ‘சமமா இருக்கட்டும்’ என்று சொன்னது நான்தான்.

முதல் வருடம் கத்தரி நன்றாகக் காய்த்தது. இரண்டாம் வருட ஐப்பசி மழையில் சமையலறைச் சுவரில் ஓதம் ஏறி, உள்பக்கம் பூச்சு உப்பிக்கொண்டு உதிர்ந்தது. வெளியில் பாத்தி மண் தண்ணீர் போகவிடாமல் மறித்ததில், சிமென்ட் தரையில் பாசி படிந்தது. ஒருநாள் விடியற்காலையில் கோலம் போட வந்த என் அம்மா அந்தப் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மூன்று மாதம் படுக்கை. ‘செடியெல்லாம் எதுக்குங்க, எடுத்துடுங்க’ என்றார் மனைவி. ஆனால், தப்பு செடி மேல் இல்லை. தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்காமல் மண்வெட்டியைத் தூக்கியதுதான் தப்பு.

எவ்வளவு தண்ணீர் விழுகிறது?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். வாசகியின் முற்றம் 300 சதுர அடி, அதாவது சுமார் 28 சதுர மீட்டர். 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,400 லிட்டர் தண்ணீர் அந்த முற்றத்தில் மட்டும் விழுகிறது. கூரைத் தண்ணீரும் அங்கேயே கொட்டினால் அது தனிக் கணக்கு.

வடகிழக்குப் பருவமழை நம் பகுதிக்குப் புதிதல்ல. 2021 நவம்பரில் ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் அணை திறந்து, கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து, பள்ளிப்பட்டு பக்கம் தரைப்பாலங்கள் மூழ்கியதைப் பார்த்தோம். ஆற்று வெள்ளத்தை நாம் தடுக்க முடியாது. நம் முற்றத்து 1,400 லிட்டருக்கு வழிகாட்ட முடியும்.

முதல் வேலை: வாட்டம் பார்ப்பது

வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு 2 அங்குலம் தரை இறங்க வேண்டும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். அதுவும் இல்லையென்றால், நல்ல மழை பெய்யும்போது முற்றத்தில் நின்று பாருங்கள். தண்ணீர் தேங்குகிற இடத்தைச் சுற்றி சாக்கட்டியாலோ செங்கல் துண்டாலோ கோடு போட்டு வையுங்கள். மழை விட்டதும் அந்தப் பள்ளங்களை மட்டும் சிமென்ட் கலவையால் சரிசெய்தால் போதும். முழுத் தரையையும் உடைக்க வேண்டாம்.

தாழ்வான பக்கத்தில், வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 5 அடியாவது தள்ளி ஓர் உறிஞ்சுகுழி எடுங்கள். 3 அடி நீளம், 3 அடி அகலம், 4 அடி ஆழம். அடியில் பெரிய கல், மேலே சிறிய ஜல்லி. வெறும் குழி 1,000 லிட்டர் பிடிக்கும். கல் நிரப்பியபின் 350 முதல் 400 லிட்டர்தான் பிடிக்கும். அதனால் நிரம்பி வழிகிற தண்ணீர் தெருக் கால்வாய்க்கோ தென்னை மரத்துக்கோ போக ஒரு சிறிய வாய்க்கால் அவசியம். செப்டிக் டேங்க், குடிதண்ணீர்க் கிணறு பக்கத்தில் உறிஞ்சுகுழி வேண்டாம்.

வாசகியின் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை: நடக்கிற, உட்கார்கிற, துணி உலர்த்துகிற இடம் வரைக்கும் சிமென்ட் சரி. முழுவதும் போட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது, கோடையில் வீடும் கொதிக்கும்.

இரண்டாவது வேலை: பள்ளம் எடுத்து மேடு ஆக்குவது

மேட்டுப்பாத்திக்கு வெளியிலிருந்து டிராக்டர் மண் வாங்க வேண்டியதில்லை. வெற்றிலைக் கொடிக்கால் பார்த்திருப்பீர்கள். இரண்டு பாத்திக்கு நடுவே கால் எடுத்து, அந்த மண்ணையே பாத்தி மேல் வாரிப் போடுவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, கடல் தண்ணீர் புகுந்த அந்தமான் வயல்களிலும் இதே முறையைத்தான் பெரிய அளவில் செய்தார்கள். பள்ளத்து மண்ணை எடுத்து அகல மேடாக்கி காய்கறி, பள்ளத்தில் மீன். நம் முற்றத்துக்கு மீன் வேண்டாம், கணக்கு மட்டும் போதும்.

பாத்தி 10 அடி நீளம், 4 அடி அகலம் என்று வையுங்கள். 4 அடிக்கு மேல் போனால் நடுவில் கை எட்டாது. பாத்திக்குள் கால் வைத்தால் மண் இறுகிவிடும். இரு பக்கமும் ஒன்றரை அடி அகல நடைபாதை விடுங்கள். நடைபாதையை அரை அடி ஆழம் வெட்டினால் 15 கன அடி மண் கிடைக்கும். அதைப் பாத்தியில் பரப்பினால் நாலரை அங்குலம் உயரும். 10 கன அடி மக்கிய தொழுவுரம் சேர்த்தால் இன்னும் 3 அங்குலம். மொத்தம் ஏழரை அங்குலம். இது போதும்.

வேலை வரிசை இதுதான்:

1. தோண்டும் முன்பு தண்ணீர்க் குழாய், மின்வயர் எங்கே போகிறது என்று விசாரித்துக் கொள்ளுங்கள். தெரியாத இடத்தில் கடப்பாரை போடாதீர்கள்.

2. வீட்டுச் சுவரிலிருந்து 3 அடி தள்ளி, தினமும் 5, 6 மணி நேரம் வெயில் படும் இடமாகப் பாருங்கள். பாத்தியின் நீளம் தண்ணீர் ஓடும் திசையிலேயே இருக்கட்டும். குறுக்கே போட்டால் அது பாத்தி அல்ல, அணை!

3. பாத்தி இடத்தில் மேல்மண்ணை அரை அடிக்கு வெட்டி ஒரு பக்கம் குவியுங்கள். கீழ்மண்ணை எடுக்காமல் கடப்பாரையால் நெகிழ்த்தி மட்டும் விடுங்கள். கட்டடக் கழிவு, சுண்ணாம்புக் காரை இருந்தால் பொறுக்கிவிடுங்கள்.

4. காய்ந்த இலை, சருகு ஒரு படுகை. அதன்மேல் பழைய மேல்மண், நடைபாதை மண், தொழுவுரம் மூன்றையும் கலந்து நிரப்புங்கள். ஒரு சட்டி வேப்பம்பிண்ணாக்கும் சேர்க்கலாம். பச்சைச் சாணம் கூடாது.

5. ஓரத்துக்குப் பழைய செங்கல்லை மூன்று வரிசை, சிமென்ட் பூசாமல் அடுக்குங்கள். உடைந்த கடப்பாக்கல் இருந்தால் சாய்த்து நடலாம். இடுக்கு வழியே அதிகத் தண்ணீர் வெளியேறும்.

6. வெட்டிய நடைபாதையில் உடைந்த செங்கல், ஓட்டுத் துண்டுகளைப் போட்டு நிரவுங்கள். மேலே நடக்கலாம், அடியில் தண்ணீர் ஓடும். இதன் முனை உறிஞ்சுகுழியில் சேர வேண்டும்.

நிரப்பிய பாத்தி இரண்டு வாரம் அமரட்டும். ஆடிப் பட்டத்தில் விதைக்க வேண்டுமானால் ஆனியிலேயே மண்வேலையை முடித்துவிடுங்கள். வெண்டை, கொத்தவரை, கத்தரி, மிளகாய் ஆடியில். அரைக்கீரை, சிறுகீரைக்குக் காலம் பார்க்க வேண்டாம். அடைமழை நாட்களில் மட்டும் விதைக்காதீர்கள், விதை அடித்துக்கொண்டு போகும். முருங்கையைச் சுவர் பக்கத்தில் வைக்காதீர்கள். காற்றில் கிளை முறிந்து கூரை மேல் விழும்.

கோடையில் கவனம்

வானிலை அறிக்கையில் 40 டிகிரிக்கு மேல் என்று ஊர்ப் பெயர் வாசிக்கும்போது திருத்தணி அடிக்கடி வரும். அந்த வெயில்தான் நமக்கும். மேட்டுப்பாத்தி மழைக்கு நல்லது, ஆனால் கோடையில் தரைப் பாத்தியைவிடச் சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால்தான் 2 அடி உயரம் வேண்டாம் என்கிறேன். பங்குனியிலேயே 3 அங்குலத்துக்கு வைக்கோல் அல்லது கரும்புச் சோகை மூடாக்கு போடுங்கள். காலையிலோ சாயங்காலமோ வேரில் படும்படி தண்ணீர் விடுங்கள். மூடாக்கு வீட்டுச் சுவரைத் தொடக்கூடாது. கரையான் அந்த வழியாக ஏறும்.

முற்றப் பராமரிப்பு

வாரம் ஒரு முறை: தொட்டி, பூந்தொட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டையில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். டெங்கு கொசு முட்டை பெரிய கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

மாதம் ஒரு முறை: உறிஞ்சுகுழி வாயில் சேர்ந்த சருகு, மண்ணை வாரிவிடுங்கள். அதையே பாத்தியில் போடலாம்.

மழைக்காலத்தில்: பாசியைக் கண்ட அன்றைக்கே தென்னந்துடைப்பத்தால் தேய்த்து எடுங்கள். பிடிவாதமான பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி, சற்று நேரம் கழித்துத் தேய்த்துக் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் பாத்திக்குப் போகக்கூடாது. பிளீச்சிங் பவுடரோடு கழிவறை கழுவும் ஆசிட்டை ஒருபோதும் கலக்காதீர்கள், வருவது நச்சுப்புகை.

வருடம் ஒரு முறை, புரட்டாசியில்: தரை விரிசல்களைச் சிமென்ட்டால் அடைத்து, ஒரு குடம் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றிப் பாருங்கள். அது தானாக வெளியே ஓடினால் முற்றம் மழைக்குத் தயார்.

வாசகர் கேள்விகள் சில...

*பழைய ஆஸ்பெஸ்டாஸ் துண்டு, பலகை வைத்துப் பாத்திக்கு ஓரம் கட்டலாமா?*

உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். பலகை கரையானைக் கூப்பிடும். செங்கல்லே நல்லது.

*பாத்திரம் கழுவும் தண்ணீரைப் பாத்திக்கு விடலாமா?*

கீரைக்கு வேண்டாம். தனியாக வாழை, கல்வாழை வைத்து அதற்கு விடுங்கள். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைத் தாராளமாகப் பாத்திக்கு ஊற்றலாம்.

*சிமென்ட் இடுக்கில் முளைக்கும் புல்லுக்குக் களைக்கொல்லி அடிக்கலாமா?*

குழந்தைகளும் கோழிகளும் நடமாடும் முற்றத்தில் கூடாது. உப்பும் போடாதீர்கள், பக்கத்து மண் கெடும். மழை பெய்த மறுநாள் வேரோடு பிடுங்கி, இடுக்கை அடைத்துவிடுங்கள்.

என் வீட்டுச் சுவரோரப் பாத்தியை எடுத்து, சிமென்ட்டுக்கு வாட்டம் கொடுத்து, மேலே சொன்னபடி வெளிப்பக்கமாகப் புதுப் பாத்தி எடுத்தோம். ஒரு ஆளும் நானும் இரண்டு நாளில் மண்வேலையை முடித்தோம். அம்மா இப்போது கைத்தடியோடுதான் நடக்கிறார். ஆனால், திண்ணையிலிருந்து பாத்தி வரைக்கும் யார் கையையும் பிடிக்காமல் போய்க் கீரை பறித்துவிட்டு வருகிறார். வாசகி வீட்டிலும் மழைக்கு முன்னால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் மண்வெட்டியை எடுங்கள்.