கோடைக்கும் குளிருக்கும் ஒரே யந்திரம்: எந்தக் கம்பெனியை நம்புவது?

டில்லி, கான்பூர், லக்னோ, அம்பாலா முதலிய வட இந்திய நகரங்களில் உத்தியோகத்தின் பொருட்டுக் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்களில், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஏ.சி. யந்திரங்கள் இப்போது ஒவ்வொன்றாக ஓய்வு பெற்று வருகின்றன. பழையதைக் கழித்துப் புதியது வாங்கச் செல்லும் அன்பரிடம் கடைக்காரர் இரண்டு கேள்விகள் கேட்கிறார். “எந்தக் கம்பெனி வேண்டும்?” என்பது ஒன்று. “குளிர் மட்டும் போதுமா, ஹாட் அண்டு கோல்டு வேண்டுமா?” என்பது மற்றொன்று. முதல் கேள்வியைப் பற்றிக் குடும்பமே கூடி ஒரு வாரம் விவாதிக்கிறது. இரண்டாவதற்கு ஒரு நிமிஷத்தில் விடை சொல்லிவிடுகிறோம். முறை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும் என்பது என் துணிபு.

கோடையைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம்மை உண்மையில் வருத்துவது மார்கழியும் தையுமே. ஊரிலிருந்து பேரக் குழந்தையைப் பார்க்க வரும் வயதான தாய் தந்தையர், இருபது டிகிரிக்குக் கீழ் குளிரை அறியாதவர்கள். இங்கு விடியற்காலையில் நான்கைந்து டிகிரிக்கு இறங்கும் குளிரில் ரஜாயை இரண்டாக மடித்துப் போர்த்தினாலும் அவர்களுக்கு நடுக்கம் தீர்வதில்லை. அப்போது சிலர் கரி அங்கீட்டியை அறைக்குள் வைத்துக் கதவை அடைத்துக்கொள்கிறார்கள். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. உறங்குபவர் விழிப்பதேயில்லை. குளிர்காலந்தோறும் இவ்வூர்ப் பத்திரிகைகளில் இத்தகைய மரணச் செய்திகள் வருகின்றன. செங்கம்பி ஹீட்டர் அதைவிடப் பாதுகாப்பானதே. எனினும் தவழும் குழந்தையும், தரையில் இழுபடும் போர்வையும் உள்ள ஒற்றை அறையில் அதை இரவு முழுவதும் எரிய விட எவருக்கும் மனம் துணியாது.

ஹாட் அண்டு கோல்டு எனப்படும் யந்திரம் எவ்வாறு வேலை செய்கிறது? ஆங்கிலத்தில் இதற்கு ஹீட் பம்ப் என்று பெயர். கிணற்றில் ஏற்றம் இறைக்கிறவன் நீரை உண்டாக்குவதில்லை. பள்ளத்தில் கிடப்பதை மேட்டுக்குக் கொணர்கிறான், அவ்வளவே. அதுபோல இந்த யந்திரம் வெப்பத்தை உண்டாக்காமல், வெளிக்காற்றில் இருப்பதை இறைத்து அறைக்குள் சேர்க்கிறது. ஐந்து டிகிரிக் குளிர்காற்றில் வெப்பமா என்று வியக்க வேண்டாம். நம் உடலுக்குத்தான் அது குளிர். குழாயினுள் ஓடும் வாயு அதனினும் குளிர்ந்திருப்பதால், அக்காற்றிலிருந்தும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கோடையில் அறையின் வெப்பத்தை வெளியே தள்ளும் அதே கம்ப்ரஸர், குளிர்காலத்தில் ஒரு நான்கு வழி வால்வு திரும்பியவுடன் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. 1852-ஆம் ஆண்டிலேயே, பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தாம்ஸன் இந்த யோசனையை வெளியிட்டுவிட்டார். ஸ்விட்ஸர்லாந்தின் ஜூரிச் நகர மன்றத்தில் 1938-இல் இத்தகைய யந்திரம் நிறுவப்பட்டது. நமக்குத்தான் இது புதிது.

இதன் சிக்கனம் கணக்கில் தெரியும். கம்பி ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பமே தரும். எவ்வளவு விலை உயர்ந்த ஹீட்டராயினும் இதற்கு மேல் தர இயலாது. ஹீட் பம்போ, மிதமான குளிரில், ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பத்தை அறைக்குள் சேர்க்கிறது. 2,000 வாட் ஹீட்டர் நாளொன்றுக்கு 6 மணி நேரம் எரிந்தால் 12 யூனிட். அதே வெப்பத்தை ஹீட் பம்ப் சுமார் 4 யூனிட்டில் தரும். நாளொன்றுக்கு 8 யூனிட் மிச்சமெனில், 75 நாட்களுக்கு 600 யூனிட். யூனிட் ஏழு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு குளிர்காலத்தில் 4,200 ரூபாய். குளிர் மட்டும் தரும் யந்திரத்துக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசத்தை இத்தொகையால் வகுத்துப் பாருங்கள். மூன்று நான்கு குளிர்காலங்களில் ஈடாகுமானால் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் பம்பாயிலும், பெங்களூரிலும், ஹைதராபாத்திலும் உள்ள அன்பர்கள் இதற்குச் செலவிட வேண்டாம். கல்கத்தாவிலும் சில நாட்களுக்காக இது தேவையென்று நான் கருதவில்லை. இரண்டொரு ஆண்டில் சென்னைக்கே மாற்றலாகிப் போகிறவருக்கும் அப்படியே. அங்கே இதன் வெப்பப் பொத்தானை யார் தொடப் போகிறார்கள்?

இனிக் கம்பெனிகளின் விஷயம். பெயரை மட்டும் கொண்டு தேர்ந்தெடுப்பது ஏன் போதாது என்பதற்குச் சில செய்திகள். புளூ ஸ்டார் 1943-இல் தோன்றியது. வோல்டாஸ், டாட்டா நிறுவனமும் வோல்கார்ட் சகோதரர்கள் என்ற ஸ்விஸ் நிறுவனமும் சேர்ந்து 1954-இல் தொடங்கியது. டெய்கின் ஜப்பானியக் கம்பெனி; ராஜஸ்தானின் நீம்ரானாவிலும் ஆந்திரத்தின் ஸ்ரீ சிட்டியிலும் அதற்குத் தொழிற்சாலைகள் உண்டு. லாயிட் என்ற பெயர் 2017-இல் ஹாவெல்ஸ் வசமாயிற்று. ஹிட்டாச்சி பெயரில் வரும் ஏ.சி. வியாபாரத்தை 2025-இல் ஜெர்மனியின் பாஷ் வாங்கிற்று. போதாக்குறைக்கு, ஆம்பர் போன்ற நிறுவனங்கள் பல கம்பெனிகளுக்கு யந்திரங்களைத் தயாரித்துக் கொடுக்கின்றன; முன்புறத்தில் ஒட்டும் பெயர்தான் வேறு. ஆகவே, “அந்தக் கம்பெனி சாமான் எங்கள் வீட்டில் பதினைந்து வருஷம் உழைத்தது” என்று உறவினர் கூறும் சான்று, இன்று அதே பெயரில் வரும் யந்திரத்துக்குப் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை.

அப்படியானால் நட்சத்திரச் சீட்டைப் பார்த்து வாங்கலாமே என்பீர்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மத்திய அரசின் பி.இ.இ. நிறுவனம் தரும் அந்த நட்சத்திரங்கள் கோடைக்கு உரியவை. வெளியே 24 முதல் 43 டிகிரி வரை இருக்கும்போது, ஆண்டுக்கு 1,600 மணி நேரம் குளிரூட்டினால் எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்பதை வைத்தே அவை கணக்கிடப்படுகின்றன. குளிர்காலத்தில் யந்திரம் எப்படி உழைக்கும் என்பதற்கு அச்சீட்டில் ஒரு வரியும் இல்லை. ஐந்து நட்சத்திரம் பெற்ற யந்திரம் வெப்பத்திலும் ஐந்து நட்சத்திரம் என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். அன்றியும், ஸ்பிளிட் யந்திரம் ஐந்து நட்சத்திரம் பெற 2018-இல் 4.50 என்ற அளவு போதுமாயிருந்தது. 1-7-2022 முதல் அது 5.00 ஆயிற்று. 1-1-2026 முதல் விதி இன்னும் கடுமையாயிற்று. எனவே சீட்டில் நட்சத்திரத்துக்கு முன்பு ஆண்டைப் படியுங்கள்.

குளிர்கால உழைப்பை அறிய ஒரே வழி, அந்த மாடலின் விவரத்தாளைக் கேட்டு வாங்கிப் படிப்பதே. அதில் வெப்பத் திறன் எத்தனை வாட், அதற்கு மின்சாரம் எத்தனை வாட் என்று இருக்கும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் விகிதம் கிடைக்கும்; மூன்றுக்குக் குறைந்தால் வேறு மாடலைப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்று என்று வந்தால், உள்ளே ஹீட்டர் கம்பியை வைத்துவிட்டு ஹாட் அண்டு கோல்டு என்று பெயரிட்டிருக்கிறார்கள் என்று பொருள். எங்கள் அண்டை வீட்டார் ஒருவருக்கு அப்படி ஒன்று வாய்த்தது. ஜனவரி மாத மின்சாரப் பில் வந்த பிறகே உண்மை தெரிந்தது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அத்தாளில் அச்சிட்ட வெப்பத் திறன், வெளியே 7 டிகிரி இருக்கும்போது சோதித்தது. அதற்கும் கீழே குளிர் இறங்க இறங்கத் திறன் குறையும். ஈரமான பனிமூட்ட இரவுகளில் வெளி யந்திரத்தின் மேல் உறைபனி படியும்; அதை உருக்க யந்திரம் சில நிமிஷம் தானே திரும்பி ஓடும். அப்போது அறைக்கு வெப்பம் வராது, வெளியே ஆவி பறக்கும். பழுதென்று அஞ்சி மிஸ்திரியை அழைக்க வேண்டாம். எந்தக் குறைந்த டிகிரி வரை வேலை செய்யும் என்பதும் தாளில் இருக்க வேண்டும். சிம்லா, ஸ்ரீநகர் போன்ற இடங்களில் உள்ளவர்களுக்கு இந்த ஓர் எண்ணே எல்லாவற்றினும் முக்கியம்.

பழைய யந்திரத்தின் செப்புக் குழாய்களையே புதியதற்கும் பயன்படுத்தலாம் என்று மிஸ்திரி சொல்லக்கூடும். பழையது ஆர்-22 வாயுவில் ஓடியதாயின் இணங்காதீர்கள். இக்காலத்து ஆர்-32 வாயுவின் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எண்ணெயும் வேறு வகை. ஆர்-32 சிறிதளவேனும் தீப்பற்றக் கூடியது. கோத்ரெஜ் சில மாடல்களில் பயன்படுத்திய ஆர்-290 இன்னும் எளிதில் பற்றும். குழாயைப் பொருத்தியபின், வேக்குவம் பம்ப் கொண்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும். பலர் அரை நிமிஷம் வாயுவைத் திறந்து ஊதிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். பம்ப் கொண்டு வராத மிஸ்திரியைத் திருப்பி அனுப்புவதே நன்று. எவ்வளவு சிறந்த கம்பெனியின் யந்திரமும் இந்த அரை நிமிஷத்தில் கெட்டுப்போகும்.

குளிர்காலத்தில் நீர் சொட்டுவது வெளி யந்திரத்திலிருந்து என்பதையும் மறவாதீர்கள். அதற்கு ஒரு குழாய் வைக்காவிடில் கீழ் வீட்டுக்காரரின் துணிகள் நனைந்து, பஞ்சாபிய அண்டையாருடன் நட்பு முறியும். திறந்த சாக்கடைக்கு அருகில் குடியிருப்போர், அந்த வாயு செப்புச் சுருளை அரிக்கும் என்பதால், சுருளுக்குப் பாதுகாப்புப் பூச்சு உண்டா என்று கேட்பது நலம்.

வெப்பக் காற்று மேலே எழும் இயல்புடையது. ஆகையால் காற்று வரும் தடுப்பைத் தரையை நோக்கித் திருப்பி, 22 டிகிரியில் வைத்தால் போதும். காற்று வறண்டால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைக்கலாம். இல்லத்தரசிகளுக்கு ஒரு செய்தி: மூன்று நாளாகியும் பொங்காத இட்லி மாவை மாலையில் அந்த அறையின் அலமாரி மேல் வைத்துப் பாருங்கள்.

நம்மைப்போல் மாற்றலுக்கு உட்பட்டவர்கள் கம்பெனியைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லும் உரைகல் ஒன்றே. விவரத்தாளில் தேறிய இரண்டு மூன்று மாடல்களைக் குறித்துக்கொண்டு, அந்தக் கம்பெனிகளின் பழுதுபார்க்கும் நிலையம் உங்கள் பேட்டையில் உள்ளதா, அடுத்து மாற்றலாகக் கூடிய ஊர்களில் உள்ளதா என்று விசாரியுங்கள். வெளி யந்திரத்தின் எலெக்ட்ரானிக் பலகைக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேளுங்கள். கம்ப்ரஸருக்குப் பத்தாண்டு என்று விளம்பரம் செய்வார்கள். வோல்டேஜ் ஏற்றத்தாழ்வில் முதலில் போவது பெரும்பாலும் பலகைதான். குவார்ட்டர்ஸில் இருப்போர், சுவரில் துளையிட அனுமதியும், மீட்டருக்கு அனுமதித்த கிலோவாட் அளவும் முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்குவதற்கு அக்டோபர் கடைசி ஏற்ற காலம். மே மாதத்தில் வாங்கினால் வெப்பப் பகுதியைச் சோதிக்க வழியில்லை. குறை தெரிவதற்குள் உத்தரவாதத்தில் அரை வருஷம் கழிந்திருக்கும். பொருத்திய அன்றே அரை மணி வெப்பத்திலும் அரை மணி குளிரிலும் ஓட்டிப் பாருங்கள். உள் யந்திரம், வெளி யந்திரம் இரண்டின் வரிசை எண்களையும் பில்லில் எழுதி வாங்கியபின் பணத்தைக் கொடுங்கள்.