பின்சக்கரங்களுக்கு ஒரே அச்சா, தனித்தனி அமைப்பா? வாகனக் கடன் பெறுமுன் ஒரு விளக்கம்

வாகனக் கடன் விண்ணப்பத்துடன் எங்கள் விஷ்ராந்த்வாடி கிளைக்கு வருவோரில் பலர், இரண்டு விலைப்பட்டியல்களைக் கையில் வைத்திருக்கின்றனர். இரண்டும் ஏறத்தாழ ஒரே ஆற்றல் கொண்ட வண்டிகள். விலையில் மட்டும் ஒன்றிரண்டு லட்சம் வேறுபாடு. முன்பெல்லாம் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதே பேச்சாக இருந்தது. இப்போது, குறிப்பாகச் சாக்கன், பிம்ப்ரி பகுதிகளில் பணிபுரியும் இளம் பொறியாளர்கள், "இந்த வண்டிக்குப் பின்பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் சார், அதனால்தான் விலை கூடுதல்" என்கின்றனர். அந்தக் கூடுதல் தொகையும் கடனில்தான் சேர்கிறது. எந்த வண்டியை வாங்க வேண்டும் என்று கூறுவது வங்கியின் வேலையன்று. ஆயினும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் தவணை கட்டப்போகும் ஒரு பொருளைப் பற்றி, விற்பனையாளரின் சொல்லுக்கு அப்பாலும் வாடிக்கையாளர் சிலவற்றை அறிந்திருத்தல் நன்று என்று கருதி இதனை எழுதுகிறோம்.

மாட்டு வண்டியை நினைத்துப் பார்ப்போம். இரு சக்கரங்களும் ஒரே அச்சில் கோக்கப்பட்டுள்ளன. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அச்சு சாய்கிறது. அச்சு சாய்ந்தால் மறு சக்கரமும் உடன் சாய்கிறது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகிய கார்களின் பின்பக்கம் இந்த வகையைச் சேர்ந்ததே. வேறுபாடு என்னவெனில், அங்கே அச்சு என்பது உள்ளீடற்ற ஓர் இரும்புக் கூடு. சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகளும், நடுவே டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரப் பெட்டியும் அதனுள் அடங்கும். இதனை ஒற்றை அச்சு என்று அழைப்போம். தனித்தனி சஸ்பென்ஷனில் அந்தப் பற்சக்கரப் பெட்டி வண்டியின் உடலோடு பொருத்தப்படுகிறது. அதிலிருந்து இருபுறமும் மூட்டுகள் கொண்ட தண்டுகள் சக்கரங்களுக்குச் செல்கின்றன. ஒவ்வொரு சக்கரமும் தன் போக்கில் ஏறி இறங்குகிறது.

வேகமாக ஓட்டும் வண்டியில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் எடை. சாலையின் ஒவ்வொரு மேட்டிலும் சக்கரத்தோடு சேர்ந்து எகிறும் எடை எவ்வளவு குறைவோ, அவ்வளவு விரைவாக டயர் மீண்டும் தரையைப் பற்றும். ஒற்றை அச்சில் கூடு, பற்சக்கரங்கள், பிரேக்குகள் அனைத்தும் சேர்ந்தே எகிறுகின்றன. டயர் தரையை விட்டிருக்கும் கணத்தில் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. வளைவின் நடுவே ஒரு மேடு வந்தால் ஒற்றை அச்சு வண்டியின் பின்புறம் ஒரு சாண் பக்கவாட்டில் நகர்ந்ததுபோல் தோன்றுவது இதனால்தான். இன்னொன்றும் உண்டு. எஞ்சினிலிருந்து வரும் சுழல்தண்டின் முறுக்கு, அச்சையே ஒரு பக்கமாகச் சாய்க்க முயல்கிறது. ஒரு பின்சக்கரத்தின் மீதுள்ள பாரம் குறைந்து, அது வீணாகச் சுழலக்கூடும். பற்சக்கரப் பெட்டி உடலோடு இணைந்திருந்தால் அந்த முறுக்கை உடலே ஏற்றுக்கொள்ளும்.

அப்படியானால் ஒற்றை அச்சு எப்போதும் தாழ்ந்ததா என்றால், இல்லை. வண்டி வளைவில் எவ்வளவு சாய்ந்தாலும், பின்னிருக்கையிலும் டிக்கியிலும் எவ்வளவு பாரம் ஏற்றினாலும், அதன் இரு டயர்களும் தரைமீது நேராகவே நிற்கும். தனித்தனி அமைப்பில் சக்கரம் ஏறி இறங்கும்போது அதன் சாய்வும் சிறிது மாறும். டயரின் ஓரம் மட்டும் தரையில் படும் நிலை வரலாம். நின்ற இடத்திலிருந்து முழு ஆற்றலுடன் நேராகப் பாயும் பந்தயங்களில் ஒற்றை அச்சை இன்றும் விரும்புவோர் இருப்பது இதனாலும், அதன் உறுதியாலுமே.

இதற்கு உலகம் அறிந்த சான்று ஃபோர்டு மஸ்டாங். அமெரிக்காவின் மற்றொரு புகழ்பெற்ற வேகக் காரான கார்வெட், 1963ஆம் ஆண்டு மாடலிலேயே தனித்தனி பின்சஸ்பென்ஷனுக்கு மாறிவிட்டது. அதற்கடுத்த ஆண்டு வெளிவந்த மஸ்டாங்கோ, 1999 முதல் 2004 வரை வந்த கோப்ரா என்னும் சிறப்பு வகை நீங்கலாக, ஐம்பது ஆண்டுகள் ஒற்றை அச்சையே பிடித்துக்கொண்டிருந்தது. மலிவு ஒரு காரணம். நேர்ப்பாதைப் பந்தயப் பிரியர்கள் மற்றொரு காரணம். 2013ஆம் ஆண்டின் ஷெல்பி ஜிடி 500 வகைக்கு 662 குதிரைத்திறன். அத்தனையும் ஒற்றை அச்சின் வழியாகவே சாலையில் இறங்கியது. 2015ஆம் ஆண்டு மாடலில்தான் எல்லா மஸ்டாங்குகளுக்கும் தனித்தனி அமைப்பு வந்தது. அதே தலைமுறையில்தான் வலப்பக்க ஸ்டீயரிங்குடன் தொழிற்சாலையிலிருந்தே வெளிவரத் தொடங்கியது. 2016இல் முழு இறக்குமதியாக நம் நாட்டிலும் விற்கப்பட்டது. மேடுபள்ளமும் வளைவும் நிறைந்த சாலைகளைக் கொண்ட நாடுகளில் விற்க முனைந்தபோது ஒற்றை அச்சு விடைபெற்றது தற்செயல் அன்று என்பது எங்கள் கருத்து.

மஸ்டாங் நம்மில் பெரும்பாலோரின் தவணைக்கு எட்டாதது. அதைவிடப் பொருத்தமான ஓர் ஒப்பீடு நம் ஊருக்கு அருகிலேயே, சாக்கனில் உருவாகியிருக்கிறது. மகிந்திரா நிறுவனம் 2021 ஆகஸ்டில் எக்ஸ்யூவி 700 என்னும் வண்டியையும், 2022 ஜூனில் ஸ்கார்பியோ-என் என்னும் வண்டியையும் அறிமுகப்படுத்தியது. இரண்டும் சாக்கன் ஆலையில் உருவானவை. இரண்டின் பெட்ரோல் வகைகளிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 2 லிட்டர் டர்போ எஞ்சின். ஆற்றல் ஏறத்தாழ 200 குதிரைத்திறன். ஆனால் எக்ஸ்யூவிக்குப் பின்பக்கம் தனித்தனி அமைப்பு. ஸ்கார்பியோவுக்கு ஒற்றை அச்சு. ஒரே நிறுவனம், ஒரே ஆலை, ஒரே எஞ்சின் குடும்பம் இருந்தும் இரண்டு முடிவுகள். பொறியாளர்களுக்கு ஒன்று தெரிந்து மற்றொன்று தெரியாமல் போனதால் அல்ல. எக்ஸ்யூவி, சட்டமும் உடலும் ஒன்றாக வார்த்தாற்போன்ற கார், தார்ச்சாலைக்கானது. ஸ்கார்பியோ, தனிச் சட்டத்தின் மீது உடல் அமர்ந்த வண்டி. பாரம் சுமக்கவும், நான்கு சக்கர இயக்க வகையில் கரடுமுரடான தடங்களில் ஏறவும் வேண்டியது. அங்கே ஒரு சக்கரம் பாறைமீது ஏறினால் அச்சு சாய்ந்து மறு சக்கரத்தைக் கீழே தரையோடு அழுத்துகிறது. நகரில் குறையாக இருப்பது காட்டில் நிறையாகிறது.

மேலும் ஸ்கார்பியோ-என் வண்டியின் ஒற்றை அச்சு அம்பாசடரின் அச்சன்று. லீஃப் ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங்குகள்; அச்சை முன்பின் நகராமல் பிடிக்க நீளத் தண்டுகள்; பக்கவாட்டில் நகராமல் பிடிக்க வாட் இணைப்பு. ஆம், நீராவி எஞ்சின் புகழ் ஜேம்ஸ் வாட் அவர்களேதாம். 1784இல் தம் எஞ்சினின் தண்டு நேர்கோட்டில் ஏறி இறங்க அவர் கண்ட உபாயமே, இன்று சாக்கனில் வார்க்கப்படும் வண்டியின் அச்சையும் நேராக ஏறி இறங்கச் செய்கிறது. சரியாகப் பிடித்து நிறுத்தப்பட்ட ஒற்றை அச்சு, ஏனோதானோவென்று செய்த தனித்தனி அமைப்பைவிட நன்றாக ஓடும். தனித்தனி என்ற சொல் மட்டுமே உயர்வின் அடையாளம் ஆகிவிடாது. 2009இல் சுமார் ஒரு லட்சம் ரூபாய் அடிப்படை விலையில் வந்த டாடா நானோவின் பின்சக்கரங்களும் தனித்தனியானவையே. அவ்வளவு ஏன், நாம் நாள்தோறும் ஏறும் பஜாஜ் ஆட்டோரிக்‌ஷாவின் பின்சக்கரங்களும் அப்படித்தான்!

இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது வகையும் உண்டு. முன்சக்கர இயக்கக் கார்களில், பின்சக்கரங்களை முறுக்கிக்கொடுக்கும் ஒரு குறுக்குத் தண்டு இணைக்கிறது. பிம்ப்ரியில் உருவாகும் டாடா ஹாரியரின் டீசல் வகையில் இருப்பது இதுவே. லேண்ட் ரோவர் நிறுவனத்தின் அடித்தளத்திலிருந்து பெறப்பட்ட வண்டி அது. மூலத்தில் தனித்தனி அமைப்பு இருந்தும், டாடா எளிய முறையைத் தேர்ந்தது. ஆனால் 2025இல் வந்த மின்சார ஹாரியரில் பின்பக்கம் மோட்டார் இடம்பெற்றபோது தனித்தனி அமைப்பே வந்து சேர்ந்தது. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மகிந்திரா பிஇ 6 மின்காரும் அவ்வாறே. காரணம் எளிது: கனமான மோட்டாரைச் சக்கரத்தோடு சேர்த்து எகிற விடுவதற்கு எந்தப் பொறியாளரும் உடன்படமாட்டார். பின்பக்க மோட்டார் கொண்ட மின்கார் வாங்குவோருக்கு இந்தத் தேர்வே பெரும்பாலும் எழுவதில்லை.

இனிப் பணத்திற்கு வருவோம். 1 லட்சம் ரூபாய் கூடுதல் கடனுக்கு, ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், 7 ஆண்டுகளில் மாதத்தவணை ஏறத்தாழ 1,609 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 1,35,150 ரூபாய். அதையே 5 ஆண்டுகளில் முடித்தால் தவணை 2,076 ரூபாய். மொத்தம் சுமார் 1,24,550 ரூபாய். விலை வேறுபாடு முழுவதும் சஸ்பென்ஷனுக்கானது என்று எண்ணிவிடவும் வேண்டாம். கண்ணாடிக் கூரை, பெரிய திரை, ஒலிபெருக்கிகள் ஆகியவற்றின் விலையும் அதில் கலந்திருக்கும். ஒரே மாடலின் தொடக்கநிலை வகையிலும் உயர்நிலை வகையிலும் பின்சஸ்பென்ஷன் பொதுவாக ஒன்றாகவே இருக்கும். விரும்புவது சஸ்பென்ஷனைத்தான் என்றால், விவரப்பட்டியலைச் சரிபார்த்துக் கீழ்நிலை வகையை வாங்கி, மீதத்தை முன்பணத்தில் சேர்ப்பதே கணக்குக்கு உகந்தது.

பராமரிப்பிலும் வேறுபாடு உண்டு. ஐந்து இணைப்புத் தண்டுகள் கொண்ட தனித்தனி அமைப்பில், ஒரு பக்கத்திற்கு ஐந்து தண்டுகள், தண்டுக்கு இரு முனைகள் என இருபுறமும் சேர்த்து 20 மூட்டுகள். ஐந்து தண்டுகள் பிடித்திருக்கும் ஒற்றை அச்சில் மொத்தமே 10. இவற்றில் பெரும்பாலானவை ரப்பர் புஷ்கள். புணேயின் மழைக்காலக் குழிகள் அவற்றுக்கு நண்பர்கள் அல்ல. ஒரு தண்டு சிறிதே வளைந்தாலும் டயரின் உள்ஓரம், வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் தேயும். எனவே தனித்தனி அமைப்புள்ள வண்டிக்கு நான்கு சக்கர அலைன்மென்ட் அவசியம். முன்சக்கரங்களை மட்டும் பார்த்து அனுப்பும் கடைகள் போதா. தேய்மானத்தால் போகும் புஷ்களுக்குக் காப்பீடு கிடையாது. விபத்தில் சேதமடைந்தாலும், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் டயர்களுக்கும் வழக்கமான முழுக் காப்பீட்டில் 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீட்டைச் சேர்க்கலாமா என்று முடிவெடுக்கும்போது இதனையும் கருத்திற்கொள்ளுங்கள்.

பழைய வண்டியை வாங்கி, வேறு அச்சும் சஸ்பென்ஷனும் பொருத்தி வேகக் காராக மாற்ற விரும்புவோருக்கு ஒரு சொல். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைக்க முடியாது. கடன் தீரும்வரை வண்டி எங்களிடம் ஈடாக உள்ள பொருள் என்பதையும் நினைவூட்டுகிறோம். காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிக்காத மாற்றம், இழப்பீடு கோரும் நாளில் தடையாக வந்து நிற்கும்.

சோதனை ஓட்டத்திற்கு ஷோரூம் முன்னிருக்கும் வழவழப்பான சாலை போதாது. ஆளந்தி சாலையில் திகி வரை ஒருமுறை சென்று வாருங்கள். வேகத்தடை ஒன்றில் இரு சக்கரங்களும் சேர்ந்து ஏறட்டும், குழி ஒன்றில் ஒரு பக்கம் மட்டும் இறங்கட்டும். இரண்டாவதில்தான் இரு அமைப்புகளின் குணமும் வெளிப்படும். பாதி வழியில் ஸ்டீயரிங்கை வீட்டில் மற்றொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னிருக்கையில் அமருங்கள். தீபாவளிக்குத் தேசிய நெடுஞ்சாலை 48 வழியாகக் கம்பட்கி கணவாயைக் கடந்து தமிழ்நாட்டுக்குச் செல்லும் நீண்ட பயணத்தில், அந்த இருக்கையில் இருக்கப்போவது உங்கள் பெற்றோர். ஆண்டில் பெரும்பகுதி அத்தகைய தார்ச்சாலையிலும், கணவாய் வளைவுகளிலும் குடும்பத்தோடு விரைந்து செல்வோர் தனித்தனி அமைப்புக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் பொருளுண்டு. சொந்த ஊரில் தோட்டமும் மண்பாதையும் உடையவர், முழுப்பாரத்தோடு ஓட்டுபவர் ஆகியோர் நல்ல ஒற்றை அச்சுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

விற்பனையாளர் சொல்வது விளங்கவில்லையெனில், சர்வீஸ் பகுதியில் அதே மாடல் வண்டியொன்றைத் தூக்கியில் உயர்த்திக் காட்டும்படி கேளுங்கள். பின்சக்கரம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடித்த குழாய் ஒன்று நீண்டு, நடுவே பூசணிக்காய்போல் உப்பியிருந்தால் அது ஒற்றை அச்சு. அந்த உருண்டை வண்டியின் அடிப்புறத்தோடு இறுகியிருந்து, இருபுறமும் ரப்பர் உறையிட்ட தண்டுகள் பிரிந்து சென்றால் அது தனித்தனி அமைப்பு. உயர்த்திய வண்டியின் கீழ் நிற்கும்போதே, ஒரு புஷ் தொகுதியின் விலையையும் அதனை மாற்றும் கூலியையும் அங்குள்ள மெக்கானிக்கிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.