"ஒரு சொட்டு மழைகூட இல்லையே!" - நயம் பாராட்ட ஓர் எளிய சோதனை

'கவிஞர் இக்கவிதையில் மையக்கருத்தை மிகச் சிறப்பாக அமைத்துள்ளார். எதுகையும் மோனையும் படிப்போர் உள்ளத்தைக் கொள்ளைகொள்கின்றன...'

ப்ளஸ் டூ படிக்கும்போது 'நயம் பாராட்டுக' வினாவுக்கு நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த விடை இது. எந்தக் கவிதை வந்தாலும் இதேதான். தலைப்பை மட்டும் மாற்றினால் போதும்!

ஒருநாள் தமிழ் டீச்சர் என் நோட்டைப் பக்கத்து வகுப்பு மாணவி ஒருத்தியிடம் கொடுத்தார். "இதைப் படிச்சுட்டு, கவிதை எதைப் பத்தினதுன்னு சொல்லும்மா" என்றார். அவளால் சொல்ல முடியவில்லை. அது மழையைப் பற்றிய கவிதை. "உன் விடையில ஒரு சொட்டு மழைகூட இல்லையே!" என்று டீச்சர் சிரித்தார்.

எல்லாக் கவிதைக்கும் பொருந்துகிற விடை, எந்தக் கவிதைக்கும் விடை ஆகாது என்று அன்றுதான் புரிந்தது.

அப்படியானால் எப்படி எழுதுவது? குறுந்தொகையின் 25-வது பாடலையே எடுத்துக்கொள்வோம். கபிலர் எழுதியது, ஐந்தே அடிகள். அதனிடம் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம்.

1. பேசுவது யார்?

எழுதியவர் கபிலர். ஆனால், பேசுபவள் தலைவி. இதைத்தான் 'கூற்று' என்கிறோம். 'கபிலர் வருந்துகிறார்' என்று எழுதினால் முதல் வரியிலேயே தவறு.

2. நடந்தது என்ன, மையக்கருத்து என்ன?

இரண்டும் ஒன்றல்ல. தனிமையில் தன்னை மணந்த தலைவன், பிறகு வாக்குத் தவறினால் என்ன செய்வேன் என்று தலைவி கேட்கிறாள். இது நடந்தது. தன் பக்கம் சாட்சி இல்லாத பெண்ணின் பயம், இது மையக்கருத்து.

3. இந்தப் பொருள் இங்கே ஏன் வந்தது?

அன்று அங்கே இருந்தது தினைத் தாள் போன்ற கால்களை உடைய ஒரு குருகு மட்டும்தான். அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. உணவு, மரம், பறவை, விலங்கு என ஒரு நிலத்துக்கு உரியவற்றைக் கருப்பொருள் என்கிறது தொல்காப்பியம். இங்கே அந்தப் பறவை வெறும் அலங்காரம் அல்ல.

இப்போது எழுதிப் பார்ப்போம்.

பழைய விடை: 'கபிலர் உவமை அணியைச் சிறப்பாகக் கையாண்டுள்ளார்.'

புதிய விடை: 'தலைவிக்கு இருந்த ஒரே சாட்சி குருகு. அதற்கும் பேச்சு வராது. கண்ணோ மீன் மேல் இருந்தது. இப்படி ஒரு சாட்சியைக் காட்டி அவளுடைய தனிமையை உணர்த்துகிறார் கபிலர்.'

சொல்ல வருவது, அதற்குப் பாடலில் உள்ள ஆதாரம், அந்த ஆதாரம் ஏற்படுத்தும் உணர்வு. இந்த மூன்றும் இருந்தால் போதும். எதுகை, மோனையையும் விட வேண்டாம். எந்தச் சொற்களில் வருகின்றன என்று எடுத்துக்காட்டுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சின்ன வேலை. பிள்ளை எழுதியதை மட்டும் வாங்கிப் படியுங்கள், கவிதையைப் பார்க்காதீர்கள். அது எதைப் பற்றியது என்று உங்களுக்குப் புரிந்தால், விடை சரியான வழியில் போகிறது.

நானும் அந்தக் கவிதைக்கு மறுபடி எழுதினேன். முழுதாக ஐந்து வரிகூட வரவில்லை. டீச்சர் அதே மாணவியைக் கூப்பிட்டார். இரண்டாவது வரியிலேயே நிமிர்ந்து பார்த்து அவள் கேட்டாள்: "மழையா?"