வாரண்ட் யார் பெயருக்கு?

1940 டிசம்பர் 31 இரவு. சென்னை ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமணம்'. முருகன் வேடமிட்டு மயிலாசனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்த விசுவநாததாஸ் மேடையிலேயே உயிர்விட்டார். சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த அவர், பாடியதற்காக 29 முறை சிறை சென்றவர் என்பது வழங்கிவரும் கணக்கு.

அவர் பாடிய பாட்டில் பறந்த கொக்கு வெறும் கொக்கல்ல. அந்த வெள்ளை நிறம் யாரைக் குறிக்கிறது என்பது தரை டிக்கெட்காரருக்குப் புரியும். கொட்டகையில் காத்திருந்த போலீஸ்காரருக்கும் புரியும். ஸ்பெஷல் நாடகக்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். மேடையில் அவரைக் கைது செய்ய வந்தபோது, "வாரண்ட் விசுவநாததாஸ் பெயருக்கா, முருகன் பெயருக்கா?" என்ற பொருளில் கேட்டாராம். நாடகம் முடியும்வரை போலீஸ் காத்திருக்க வேண்டியதாயிற்றாம்.

அன்றைய தடைக்கு ஒரு முகவரி இருந்தது. நாடகங்களை அடக்க 1876-லேயே சட்டம் போட்டிருந்தார்கள். புத்தகத்துக்கும் தனியாகச் சட்டம் வைத்திருந்தார்கள். பாரதி இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1928-ல், அவருடைய பாட்டுப் புத்தகங்களை முதலில் பர்மா அரசும் பிறகு சென்னை மாகாண அரசும் பறிமுதல் செய்தன. சட்டசபையில் சத்தியமூர்த்தி எதிர்த்துப் பேசினார். தடுப்பவர் யார், எதிர்ப்பவர் யார் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை.

விடுதலை வந்தது, பழக்கம் போகவில்லை. 1954-ல் சென்னை மாநிலம் தனக்கென ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. எம்.ஆர்.ராதாவைக் குறிவைத்து வந்த சட்டம் என்றே பலரும் பேசினார்கள். எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. 1876-ஆம் ஆண்டுச் சட்டம் 2018-ல்தான் நீங்கியது. வெள்ளைக்காரன் போய் எழுபது வருஷம் கழித்து!

அப்படியானால் இன்று பாடகருக்குப் பயமில்லையா? 2015 அக்டோபர் 30 விடியலுக்கு முன் திருச்சியில் மக்கள் கலை இலக்கியக் கழகத்துப் பாடகர் கோவன் கைதானார். டாஸ்மாக்கை மூடச் சொல்லியும் முதல்வரைக் கிண்டல் செய்தும் பாடியதுதான் குற்றம். போட்ட பிரிவு 124ஏ, தேசத்துரோகம். திலகர் மீதும் காந்தி மீதும் வெள்ளையர் ஏவிய அதே பிரிவு. அந்தப் பாட்டு, கைதுக்குப் பிறகு இன்னும் வேகமாகக் கைப்பேசி கைப்பேசியாகத் தாவியது. ஏழு மாதத்தில், மீண்டும் பதவியேற்ற அதே முதல்வர் 500 மதுக்கடைகளை மூடக் கையெழுத்திட்டார். பாட்டு கேட்டதில் ஒரு பங்கு அரசாணையாகவே வந்தது.

அதே 2015 டிசம்பரில், ஆபாசச் சொல்லை 'பீப்' ஒலியால் மறைத்த 'பீப்' பாட்டு வெளியே கசிந்தது. பெண்களை இழிவுபடுத்துகிறது என்று மாதர் அமைப்புகள் தெருவில் இறங்கின, வழக்குகளும் பதிவாயின. கோவனுக்காகக் குரல் கொடுத்தவர்கள் பலருக்கு இங்கே தொண்டை அடைத்தது. அடைக்க வேண்டியதில்லை. அந்தப் பாட்டைக் காறித் துப்புவது கேட்பவரின் உரிமை. போஸ்டர் ஒட்டலாம், கச்சேரிக்குப் போகாமல் இருக்கலாம், பதில் பாட்டு கட்டலாம். அதற்குப் பெயர் தணிக்கை இல்லை. பாடியவன் வீட்டுக்குப் போலீஸ் போகும்போதுதான் தணிக்கை தொடங்குகிறது.

இன்று தடை பல வாசல் வழியாக வருகிறது. சினிமாப் பாட்டுக்குத் தணிக்கைக் குழு உண்டு. ஆனால் தியேட்டரில் மௌனமாகும் சொல் பையிலுள்ள கைப்பேசியில் முழுதாக ஒலிக்கிறது. கூட்டமும் ஒரு தணிக்கை அதிகாரியாகிவிட்டது. கானா பாடகி இசைவாணி சில வருஷங்களுக்கு முன் பாடிய பாட்டுக்கு 2024 நவம்பரில் திடீரென்று, பக்தர்களைப் புண்படுத்துகிறது என்று புகார்கள், மிரட்டல்கள். விசுவநாததாஸ் காலத்தில் மேடையில் வந்து நின்றவர் சீருடைக்காரர். அவரிடம் வாரண்டைக் காட்டச் சொல்லலாம். பெயரில்லாமல் மிரட்டுபவரிடம் எதைக் காட்டச் சொல்வது? இந்த மிரட்டல்களைக் கேட்டு அடுத்த பாடகர் எழுதும்போதே ஒரு வரியை அடித்துவிடுகிறார். அந்த வரி எந்தக் கணக்கிலும் சேராது.

நம் அரசமைப்பு பேச்சுரிமைக்கு வரம்பும் வைத்திருக்கிறது. ஒருவனை வெட்டு, ஒரு சேரியைக் கொளுத்து என்று தூண்டும் பாட்டு வந்தால் நீதிமன்றம் விசாரிக்கட்டும். முதல்வருக்கு எரிகிறது, பக்தருக்குப் புண்படுகிறது, எனக்குக் காது கூசுகிறது என்பதெல்லாம் சிறைக்குக் காரணம் ஆகக்கூடாது.

கொக்குப் பாட்டை அடக்கிய அரசு போய்விட்டது. பாட்டு இன்னும் மேடைகளில் கேட்கிறது.