பழைய பீட்டல் காரில் மழைநீர்: காற்றுத் துளையை அடைத்துவிடலாமா?

அடைமழைக்குப் பிறகு பின்னிருக்கையைத் தூக்கினால் தண்ணீர் தேங்கியிருக்கிறதா? பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டல் என்றால் அதை அப்படியே விடாதீர்கள். பேட்டரி இருப்பதே அந்த இருக்கைக்கு அடியில்தான். அங்கே தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் செலவு பெரிது.

1971 மாடல் தொடங்கி, பல பீட்டல்களில் பின்பக்க ஜன்னலுக்குப் பின்னால் பிறை வடிவில் ஒரு துளை இருக்கும். காரின் உள்ளே சேரும் காற்று வெளியேறும் வழி அது. அதன் ரப்பர் காய்ந்து வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கும்.

"சிலிகான் வச்சு மொத்தமா அடைச்சிடுங்க" என்பார்கள். வேண்டாம். காற்று போக வழியில்லாவிட்டால், நம்ம ஊர் மழையில் கண்ணாடியில் ஆவி படியும். வினிகர் வாடை வரும் சிலிகான் இன்னும் மோசம், தகட்டையே அரிக்கும். மூடியைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, புது ரப்பர் போடுவதே சரி.

முதலில், கசிவு அங்கேதானா என்று பாருங்கள். ஒருவர் டார்ச்லைட்டோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் வெளியே கீழிருந்து மேலாக, மெதுவாகத் தண்ணீர் விடட்டும். ஜன்னல் ரப்பரில் கசிந்துவிட்டு, பழி துளைமேல் விழுவதும் உண்டு.

முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள துளை வேறு கதை. அதில் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அதன் வடிகுழாயில் இலை, குப்பை அடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.